நீலமா, கருப்பா, காவியா? பழைய கார் கியர்பாக்ஸின் உட்பாகங்களைக் கழுவிப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலாகப் பிரித்த கியர்பாக்ஸை அன்று மாலைக்குள் கண்ணாடி மாதிரி பளபளக்க வைத்துவிட்டேன். எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, மெட்டல் பாலிஷும் போட்டாயிற்று. மூன்றாம் கியரின் பக்கவாட்டு முகத்தில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. பழைய ஆயில் கறை என்று நினைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. பெட்டியை மாட்டி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, மூன்றாவதில் போட்டால் ஊளையிட ஆரம்பித்தது. திரும்பப் பிரித்தால் அதே இடத்தில் அதே வளையம். கூடவே உள்ளே இருந்த புஷ்ஷும் (கியருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இருக்கும் உலோக உறை) அரைபட்டு ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி முதல் தடவையே விஷயத்தைச் சொல்லியிருக்கிறது, நான்தான் அழித்துவிட்டேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் கழுவுவதும் நோய் கண்டுபிடிப்பதும் ஒரே வேலை. ஒரு கறை எதில் கரைகிறது, எதில் கரைய மறுக்கிறது என்பதை வைத்தே அது என்ன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். லேசான திரவத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாகக் கடுமையாக்க வேண்டும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் நின்று பார்க்க வேண்டும். இங்கே சொல்வது மேனுவல் கியர்பாக்ஸுக்கு. ஆட்டோமேட்டிக் வேறு கதை.

ஆயில் வடிக்கும்போதே வேலை ஆரம்பம்

வண்டி ஓடும் நிலையில் இருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். அடியில் தங்கிய வண்டலும் சேர்ந்து வரும். வடித்ததில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஓரிரவு அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் வெளுத்துக் கலங்கலாகத் தெரியும், அல்லது அடியில் தனி அடுக்காக இறங்கும். டார்ச் அடித்துப் பார்க்கும்போது தங்கத் தூள் மாதிரி மின்னினால் அது பித்தளை அல்லது வெண்கலம்: சின்க்ரோ ரிங் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமமாக்கும் வளையம்), புஷ், திரஸ்ட் வாஷர் (பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் வளையம்), இவற்றில் ஒன்று தேய்கிறது.

டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியதை விரலால் தேய்த்துப் பாருங்கள். மை மாதிரி வழுவழுப்பான சாம்பல் பசை பயப்பட வேண்டியதில்லை, ஓடிய பெட்டியில் அது இருக்கத்தான் செய்யும். விரலில் நெருடும் துகள், மீன் செதில் மாதிரி மெல்லிய தகடு, ஊசி போன்ற சிம்பு, இவை வந்தால் எங்கோ பல்லோ பேரிங்கோ உரிந்திருக்கிறது. அந்தச் சிம்பைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். உருளையான வளைவு அதில் தெரிந்தால் பேரிங் பக்கம் முதலில் தேடலாம்.

அப்புறம் மூடியைத் திறந்ததும் எதையும் சுற்றாதீர்கள். ஷாஃப்ட்டைக்கூட. பல்சக்கரங்களின் உச்சியில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள், போட்டோ எடுங்கள். ஏனென்றால் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் மட்டம் வரைக்கும் ஒரு நிறம், அதற்கு மேலே வேறு நிறம் ஏறியிருக்கும். குளத்துச் சுவரில் நீர்மட்டக் கோடு தெரிவது போல. பிறகு எப்போது அந்தச் சக்கரத்தைக் கையில் எடுத்தாலும் புள்ளியை மேலே வைத்துப் பாருங்கள்: கறையின் எல்லை படுக்கையாக, நேர்கோடாக இருந்தால் அது நின்றபோது பிடித்த கறை. சக்கரம் சுழலும்போது வந்த சூடோ உராய்வோ என்றால் மையத்தைச் சுற்றி வளையமாக விழும், நேர்கோடாக விழவே விழாது. இந்த ஒரு சின்ன வேலை பிற்பாடு பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். சுற்றிவிட்டால் போச்சு.

பிரிக்கும்போது ஒவ்வொரு சின்க்ரோ ரிங்கையும் அதன் கியரோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். ஒன்றோடு ஒன்று பழகித் தேய்ந்த ஜோடி அது, மாற்றிப் போட்டால் அளவு பொய் சொல்லும். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), திரஸ்ட் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கழுவும் படிகள்

முதல் படி, வெறும் கண். நல்ல வெளிச்சத்தில், ஆயிலோடு இருக்கும்போதே பார்த்துப் போட்டோ எடுப்பது. பொடியாக உட்கார்ந்திருக்கும் காவித் தூள் போன்றவை கழுவினால் காணாமல் போய்விடும்.

இரண்டாவது, மண்ணெண்ணெய். நைலான் பிரஷ் அல்லது பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். இதில் போவது ஆயிலும் வண்டலும்தான். பெட்ரோலில் கழுவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதன் ஆவி தரையோடு படர்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும், கையில் பட்டால் தோல் வழியாகவும் நல்லதல்ல.

மூன்றாவது, அசிட்டோன் அல்லது பிரேக் கிளீனர். நூல் பிரியாத துணியில் நனைத்து, கறை மேல் ஒரு நிமிடம் போட்டு வைத்துத் தேய்க்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை இருக்கட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட பாகத்தை வெல்டிங் பக்கமோ தீ பக்கமோ கொண்டுபோகக் கூடாது. சூட்டில் அது நச்சு வாயுவாக மாறும். ரப்பர் சீலும் பிளாஸ்டிக் பாகமும் அசிட்டோனில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, இதற்கெல்லாம் அசையாத கறைக்கு மட்டும்: துணியில் ஒரு துளி மெட்டல் பாலிஷ். அதையும் வேலை செய்யாத ஏதாவது ஓரத்தில், நகம் அளவு இடத்தில் மட்டும் சோதனைக்காக. பளபளப்பாக்குவது நோக்கம் அல்ல.

செய்யக் கூடாதவையும் உண்டு. பச்சை நார்ப் பட்டை, எமரி தாள், கம்பிச் சக்கரம் எதுவும் பல் முகத்திலும் பேரிங் அமரும் இடத்திலும் வேண்டாம். நார்ப் பட்டையில் உள்ள அலுமினியம் ஆக்ஸைடு துகள் எஃகைவிடக் கடினம். அது ஆயில் துளைக்குள் புகுந்தால் புதுப் பேரிங்கையும் அரைத்துவிடும். மணல் வீச்சும் அதே காரணத்துக்காக வேண்டாம். கடினப்படுத்திய பல்சக்கரத்தை அமிலத்தில் ஊறப்போட்டால் துரு போகும், ஆனால் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழைந்து பல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடலாம். காஸ்டிக் சோடா அலுமினியப் பெட்டியைத் தின்றுவிடும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற சில வண்டிகளின் பெட்டி மெக்னீசியம் கலவை. அதற்கு அமிலமே எதிரி.

பழுப்பு: பெரும்பாலும் பயமில்லை

தேன் நிறத்தில் தொடங்கிக் கரும்பழுப்பு வரை, மெல்லிய கண்ணாடிப் பூச்சு போல ஒட்டியிருப்பது வார்னிஷ் படிவு. ஆயில் காற்றோடும் சூட்டோடும் வருடக்கணக்கில் கிடந்து ஆக்ஸிஜனேற்றம் அடைந்து படிந்தது. மண்ணெண்ணெய்க்கு அசையாது, அசிட்டோனில் இளகித் துணியில் மஞ்சளாக இறங்கும். நகத்தால் சுரண்டினால் விளிம்பு தட்டுப்படும். அதுதான் இதன் அடையாளம். கீழே உலோகம் அதன் சொந்த நிறத்தில் இருந்தால் நிம்மதி.

ஆனால் வார்னிஷ் ஒரே ஒரு கியரில் மட்டும் கெட்டியாகவும் மற்றவற்றில் மெலிதாகவும் இருந்தால் அந்த இடம் மற்றவற்றைவிடச் சூடாக ஓடியிருக்கிறது. ஆயில் துளை அடைத்திருக்கிறதா என்று மெல்லிய செம்புக் கம்பி விட்டுப் பாருங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், கீறும்.

நீலம்: இங்கேதான் நிதானிக்க வேண்டும்

எஃகைச் சூடாக்கினால் அதன் மேல் ஆக்ஸைடு படலம் வளர்கிறது. படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி வேறு வேறு நிறமாகத் தெரிகிறது. சாதாரண எஃகில், கொஞ்ச நேரச் சூட்டில், ஏறக்குறைய இப்படி: 220 டிகிரி செல்சியஸ் பக்கம் வெளிர் வைக்கோல் நிறம், 250 பக்கம் பழுப்பு கலந்த மஞ்சள், 280 பக்கம் கத்தரிப்பூ நிறம், 300 பக்கம் நல்ல நீலம், அதையும் தாண்டினால் சாம்பல் நீலம். கலப்பு உலோகம் எது, எவ்வளவு நேரம் சூடாக இருந்தது என்பதைப் பொறுத்து முன்பின் இருக்கும். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் கிடந்தாலும் நிறம் ஏறும்.

இதில் கவலை என்னவென்றால், கார்பன் ஏற்றிக் கடினப்படுத்திய கியர்களைக் கடைசியில் பதப்படுத்துவதே பெரும்பாலும் 150 முதல் 200 டிகிரியில்தான். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை இருக்க வேண்டிய தோல் கடினம், அந்தச் சூட்டைத் தாண்டியதும் குறையத் தொடங்கும். வைக்கோல் நிறத்தில் இழப்பு சிறிது. நீலம் பாய்ந்த இடத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பேரிங் எஃகுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதனால் நீலம் ஏறிய பேரிங்கை யோசிக்காமல் ஒதுக்கிவிடலாம்.

அடையாளம் காண்பது எளிது. அசிட்டோன் எத்தனை தடவை போட்டாலும் நிறம் மங்காது, நகத்துக்கு விளிம்பு தட்டாது, சாய்த்துப் பார்த்தால் நிறம் சற்றே மாறும். மெட்டல் பாலிஷ் ஒரு இழுப்பு இழுத்தால் மட்டும் போய்விடும். நான் ஏமாந்தது இங்கேதான். படலம்தான் போனது, இளகிப்போன எஃகு அப்படியே இருந்தது.

உறுதி செய்ய ஒரு நல்ல புதிய அரத்தின் முனையை எடுத்து, பல்லின் ஓரத்தில், பல்லோடு பல் சேராத இடத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். கடினம் இருந்தால் அரம் கண்ணாடி மேல் வழுக்குவது போல வழுக்கும். பிடித்துக் கீறினால் இளகிவிட்டது. அதே கியரில் நிறம் மாறாத ஓர் இடத்திலும் இழுத்து ஒப்பிடுங்கள், ஏனென்றால் சில முகங்களைத் தொழிற்சாலையிலேயே கடினப்படுத்தாமல் விட்டிருப்பார்கள். விலைமதிப்பான, மாற்றுக் கிடைக்காத கியர் என்றால் கடினமானி வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து அளப்பதுதான் சரி.

நீலம் எங்கே இருக்கிறது என்பது இன்னும் முக்கியம்.

ஒரே ஒரு கியரின் பக்கவாட்டு முகத்தில் வளையமாக இருந்தால் அந்தக் கியருக்குப் பக்கவாட்டு இடைவெளி போதவில்லை, அல்லது அதன் ஆயில் வழி அடைப்பு. என்னுடையது இதுதான்: முன்பு யாரோ தடித்த திரஸ்ட் வாஷரைப் போட்டிருந்தார்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து, அந்த மாடலின் பட்டறைக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

மெயின் ஷாஃப்ட்டில் (சக்கரங்களுக்குச் சுழற்சியை அனுப்பும் தண்டு) சுதந்திரமாகச் சுற்றும் எல்லாக் கியர்களின் புஷ்ஷிலும், கூடவே அந்தத் தண்டின் முனையைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங்கிலும் ஒரே மாதிரி நீலம் இருந்தால், பின்சக்கர இயக்க வண்டி என்றால், என் முதல் சந்தேகம் டோ செய்தது. இன்ஜின் அணைந்த வண்டியை நியூட்ரலில், பின்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் மெயின் ஷாஃப்ட் மட்டும் சுற்றும். அடியில் இருந்து ஆயிலை வாரி இறைக்க வேண்டிய லே ஷாஃப்ட் (இன்ஜின் பக்கத்திலிருந்து சுழற்சியை வாங்கும் தண்டு) அசையாது. புஷ்கள் எல்லாம் காய்ந்தபடி பல கிலோமீட்டர் ஓடியிருக்கும். வண்டியின் பழைய கதையை விற்றவரிடம் கேட்க இது நல்ல சாக்கு.

செலக்டர் ஃபோர்க்கின் (கியர் மாற்ற காலரைத் தள்ளும் கவை) நுனியும் அது பிடிக்கும் காலரின் பள்ளமும் மட்டும் நிறம் மாறியிருந்தால் கியர் லிவர் மேல் கையை வைத்தபடியே ஓட்டிய ஓட்டுநர். அல்லது ஃபோர்க் வளைந்திருக்கிறது. இரண்டாவதைப் பரிசோதித்துவிட்டு முதலாவதைத் திட்டலாம்.

பல் முகத்திலேயே நிறமும் கீறலும் சேர்ந்து வந்தால் எந்த உயரத்தில் என்று பாருங்கள். இரண்டு பற்கள் சேரும்போது பல்லின் நடு உயரத்தை ஒட்டிய பிட்ச் கோட்டில் கிட்டத்தட்ட உருளல் மட்டும்தான். நுனிக்கும் அடிக்கும் போகப் போக வழுக்கல் கூடும். ஆகவே நுனியிலும் அடியிலும் செங்குத்துக் கீறல், நடுவில் சுத்தமான பட்டை என்றால் ஆயில் படலம் உடைந்து உலோகம் உலோகத்தோடு உரசியிருக்கிறது. பிட்ச் கோட்டை ஒட்டிச் சிறு குழிகள் என்றால் சுமையால் வந்த களைப்பு. முதலாவதற்கு ஆயில் தவறு அல்லது குறைவு காரணம், இரண்டாவதற்கு வயது.

மஞ்சள் உலோகத்தில் கருப்பு

1928ல் காடிலாக் கார் நிறுவனம் சின்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது வேகங்களைச் சமமாக்கும் அமைப்பு) கொண்டுவந்த பிறகு கியர்பாக்ஸுக்குள் பித்தளை, வெண்கல வளையங்கள் சாதாரணமாகிவிட்டன. பிற்பாடு ஹைப்பாய்டு ஆக்ஸிலுக்காக (பல்லோடு பல் அதிகம் வழுக்கும் அச்சுக் கியர்) வந்த ஜி.எல்-5 தரக் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட அழுத்தத் தாங்கு சேர்மானம், ஜி.எல்-4 தர ஆயிலைவிட ஏறக்குறைய இரு மடங்கு. சூட்டில் வினைபுரியும் கந்தகம் செம்பைப் பிடித்துக் கருப்பாக்கும். ஆய்வகத்தில்கூட மெருகேற்றிய செம்புத் தகட்டைச் சூடான ஆயிலில் வைத்து, அதன் நிறத்தை 1 முதல் 4 வரை உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் ஆயிலை மதிப்பிடுகிறார்கள். செம்பைத் தாக்காத மாதிரி தயாரித்த ஜி.எல்-5ம் உண்டு. அப்படியிருந்தாலும் சின்க்ரோவுக்கு வேண்டிய பிடிப்பு அதில் கிடைக்காமல் போகலாம், கியர் மாற்றும்போது கரகரக்கும்.

கருத்துப்போன ரிங்கைக் கண்டதும் தூக்கி எறிய வேண்டாம். மேற்பரப்பு மட்டும் கருத்து அளவு சரியாக இருந்தால் இன்னும் ஓடும். உள் கூம்பில் உள்ள நுண்ணிய வரிப்பள்ளங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வரியின் உச்சி கூர்மையாக இருக்க வேண்டும், ஆயிலைச் சுரண்டி விலக்குவது அதுதான். உச்சிகள் தட்டையாகிப் பளபளக்கும் பட்டைகளாகத் தெரிந்தால் ரிங் முடிந்தது. பள்ளத்தில் அடைத்த கசடை அசிட்டோனும் நைலான் பிரஷும் கொண்டு எடுங்கள். கூம்பின் மேல் எந்தத் தாளும் போடாதீர்கள்.

பிறகு ரிங்கை அதன் கியர்க் கூம்பில் வைத்து, அமுக்கி லேசாகத் திருகுங்கள். சட்டென்று கவ்விப் பிடிக்க வேண்டும். கவ்விய நிலையில் ரிங்குக்கும் கியரின் சிறு பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜால் மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பல பெட்டிகளில் புதிதாக இருக்கும்போது 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, கழிக்க வேண்டியது அரை மில்லிமீட்டர் வாக்கில். உங்கள் பெட்டிக்குச் சரியான எண் கையேட்டில் இருக்கும்.

பித்தளையில் கருப்புக்குப் பதில் செம்பு மாதிரி இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்து வெளியேறியிருக்கலாம். தண்ணீர் புகுந்த பெட்டியில் பார்த்திருக்கிறேன். அந்த இடம் பஞ்சு போல வலுவிழந்திருக்கும், அதை மாற்றிவிடுவது நல்லது.

காவி, துரு, தண்ணீர்க் கறை

ஸ்ப்லைனிலும் (ஷாஃப்ட்டின் மேல் நீளவாக்கில் வெட்டிய வரிப்பற்கள்) பேரிங் அமரும் இடத்திலும் செங்காவிப் பொடி மாதிரி இருப்பது சாதாரணத் துரு அல்ல. இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு பாகங்கள் நுணுக்கமாக ஆடி ஆடி உரசியதன் தூள் அது. துடைத்தபின் கீழே சொரசொரப்பு தெரியும். இறுக்கம் போயிருக்கிறதா என்று அளக்காமல் திரும்ப மாட்டாதீர்கள்.

பேரிங் பாதையில் கருப்புக் கோடுகள் சம இடைவெளியில் இருந்தால், அந்த இடைவெளி உருளைகளின் இடைவெளியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் வண்டி நின்றபோது உருளைக்கும் பாதைக்கும் நடுவே தங்கிய தண்ணீர் அரித்த தடம். நகம் தடுக்கினால் பேரிங் குப்பைக்கு. தடுக்காவிட்டாலும் மொத்தப் பெட்டியையும் பிரித்த இந்த நேரத்தில் புதுப் பேரிங் போடாமல் விடுவதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன்.

லே ஷாஃப்ட் அசையாத முளையாக இருக்கும் பெட்டிகளில் அதன் ஒரு பக்கம் மட்டும்தான் சுமை தாங்கும். கழற்றிய பிறகு முழுச் சுற்றும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் புதிது போல மின்னும், மறுபக்கம் ஊசி உருளைகள் போட்ட தடத்தில் தோல் உரிந்திருக்கும்.

கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாய் வைத்துச் சுழற்றி விசில் அடிக்க விடும் பழக்கம் பலருக்கு உண்டு. காய்ந்த பேரிங் அந்த வேகத்தில் தன்னையே கீறிக்கொள்ளும், கூடு உடைந்து உருளைகள் கண்ணில் தெறிக்கவும் கூடும். மண்ணெண்ணெயில் அலசி, நிழலில் உலர்த்தி, இரண்டு சொட்டு ஆயில் விட்டு, விரலால் மெதுவாகச் சுற்றிக் காதருகில் வைத்துக் கேளுங்கள்.

பிறவி நிறங்கள்

கறையே இல்லாத நிறமும் உண்டு. சில கியர்கள் பாஸ்பேட் பூச்சோடு மங்கலான கருஞ்சாம்பலில் வரும். நிறம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக, பல் சேரும் இடத்தில் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். சில ஷாஃப்ட்டுகளில் அங்கங்கே செம்பு முலாம் இருக்கும். கார்பன் ஏறக் கூடாத இடங்களை மறைக்கத் தொழிற்சாலையில் பூசியது அது. புஷ் உருகி ஒட்டிக்கொண்டது என்று நினைத்து ஒரு மதியம் முழுக்க அதைச் சுரண்டியிருக்கிறேன். வார்ப்பிரும்புப் பெட்டியின் உட்சுவரில் சிவப்பாக இருப்பது பெயிண்டாகவும் இருக்கலாம், துருவாகவும் இருக்கலாம். அசிட்டோன் துணி முடிவு சொல்லும். பெயிண்ட் உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள், உரிந்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள். பாதி உரிந்த பெயிண்ட் ஆயில் துளையைத் தேடித்தான் போகும்.

திரும்ப மாட்டும் முன்

கழுவி முடித்த எஃகு நிர்வாணமாக இருக்கிறது. வியர்வைக் கை பட்ட இடத்தில் கைரேகையே துருவாகப் பதியும். உலர்ந்ததும் உடனே ஆயில் தடவி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயர் எழுதி வையுங்கள். பழைய போட்டோக்களை எடுத்து ஒவ்வொரு நிறத்துக்கும் காரணம் எழுதிப் பாருங்கள். காரணம் எழுத முடியாத நிறம் ஒன்று மிச்சமிருந்தால் மாட்டும் வேலையைத் தள்ளிவையுங்கள்.

ஆயில் விஷயத்தில் டின்னில் உள்ள விளம்பரத்தை மறந்துவிட்டுக் கையேட்டைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி. போன்ற சில வண்டிகள் கியர்பாக்ஸில் இன்ஜின் ஆயில்தான் கேட்கும். மஞ்சள் உலோகம் உள்ள பெட்டிக்குக் கையேடு கியர் ஆயில் கேட்டால் ஜி.எல்-4 பாதுகாப்பான தேர்வு. 500 கிலோமீட்டர் ஓடியதும் சூடாக வடித்து, முதலில் வைத்த அதே கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அதே டார்ச்சை அடித்துப் பாருங்கள். புதுப் பாகங்கள் பழகும் சாம்பல் பசை காந்தத்தில் கொஞ்சம் இருக்கும். தங்கத் தூள் மின்னினால் மூடியைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.